ஆயிரம் நாளில் எத்தனை வீடு?

அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில், வளர்ந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது அடிக்கடி ஒரு கறுப்புக் குப்பைப் பை வரும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றும்போது பிள்ளையின் சட்டை, செருப்பு, பொம்மை, பள்ளிப் புத்தகம் எல்லாவற்றையும் அந்தப் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, கார் டிக்கியில் வைத்துக் கொண்டுபோவார்கள். பெட்டி வாங்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. டெக்சஸ், ஆரிகன், மேரிலாந்து மாநிலங்கள் அண்மையில் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு முறையான பயணப் பெட்டி தரவேண்டுமாம். நல்ல சட்டம்தான். ஆனாலும் படிக்கும்போது எனக்கு வேறொரு கேள்விதான் வந்தது. பத்து வயதுப் பிள்ளை ஏன் இத்தனை தடவை மூட்டை கட்டுகிறது?

அந்தக் கேள்விக்குக் குழந்தைநலத் துறையில் வைத்திருக்கும் பெயர் பிளேஸ்மென்ட் ஸ்டெபிலிட்டி. பிளேஸ்மென்ட் என்றதும் நம்மவர்களுக்குக் கல்லூரியும் கேம்பஸ் இன்டர்வியூவும் நினைவுக்கு வரும். இங்கே பிளேஸ்மென்ட் என்பது பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். அந்த இடத்தில் பிள்ளை நிலைத்திருக்கிறதா, அல்லது பந்து மாதிரி உருட்டப்படுகிறதா என்பதுதான் விஷயம். இந்தக் கட்டுரையில் அதை ‘இருப்பு நிலைத்தல்’ என்று சொல்கிறேன்.

முதலில் அடிப்படை

தத்து எடுத்தால் பிள்ளை சட்டப்படி நம் பிள்ளை. இனிஷியல் மாறும், சொத்தில் பங்கு வரும். ஃபாஸ்டர் கேர் அந்த மாதிரி இல்லை. பெற்றோர் அடிக்கிறார்கள், போதையில் கிடக்கிறார்கள், பிள்ளை சோறின்றி, கவனிப்பாரின்றி இருக்கிறது என்று புகார் வந்து, விசாரித்து, நீதிமன்றமும் ஒப்புக்கொண்டால் பிள்ளையின் பொறுப்பு மாநில அரசின் கைக்குப் போகிறது. விதிகளும் செலவில் ஒரு பங்கும் மத்திய அரசிடமிருந்து வரும். நடத்துவது மாநிலம், சில மாநிலங்களில் மாவட்டம் போன்ற கவுன்டி. பிரித்தெடுக்க அதிகம் காட்டப்படும் காரணம் அடி உதை என்றுதான் நினைப்போம். உண்மையில் அது கவனிப்பின்மை.

2023 செப்டம்பர் 30 அன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 3,43,000 பிள்ளைகள் இப்படி அரசின் பொறுப்பில் இருந்தார்கள். 1999-இல் இது 5,67,000-ஐ ஒட்டி இருந்தது. எண்ணிக்கை நன்றாகவே இறங்கியிருக்கிறது.

இது தற்காலிக ஏற்பாடு என்பதை மறக்கக்கூடாது. பெற்ற தாய் தகப்பனிடம் திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் முதல் இலக்கு. வெளியேறும் பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அப்படித்தான் வீடு திரும்புகிறார்கள். மற்றவர்களைத் தத்துக் கொடுப்பார்கள், அல்லது உறவினரைச் சட்டப் பாதுகாவலர் ஆக்குவார்கள். எதுவுமே அமையாமல் வயது வந்துவிட்டது என்பதால் மட்டும் வெளியே வருபவர்கள் ஆண்டுக்கு 15,000 பேருக்கு மேல். இந்தக் கடைசி முடிவு எதுவாக இருக்கும் என்பதற்குப் பெர்மனன்சி என்று தனிப்பெயர். இருப்பு நிலைத்தல் வேறு. பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்பது முதலாவது. போய்ச் சேரும்வரை எத்தனை வாசல் ஏறி இறங்கும் என்பது இரண்டாவது.

அந்த வாசல்களும் பலவகை. தாத்தா பாட்டி, அத்தை, பெரியம்மா வீடாக இருக்கலாம். லைசென்ஸ் வாங்கி, பயிற்சி எடுத்து, அரசு தரும் மாதத் தொகையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அந்நியர் வீடாக இருக்கலாம்; இவர்கள்தான் ஃபாஸ்டர் பெற்றோர். எட்டுப் பத்துப் பிள்ளைகள் ஷிப்டில் வரும் ஊழியர்களோடு இருக்கும் குரூப் ஹோமாகவும் இருக்கலாம். மனநலச் சிகிச்சை மையம், அவசரக் காப்பகம் என்றும் உண்டு. ஃபாஸ்டர் பெற்றோருக்குப் பொறுப்பு நிறைய, அதிகாரம் கொஞ்சம். பிள்ளை தோழி வீட்டில் ஓரிரவு தங்குவதற்கும், பள்ளிச் சுற்றுலா போவதற்கும்கூட அலுவலக அனுமதிக்குக் காத்திருந்த காலம் உண்டு. விவேகமுள்ள ஒரு பெற்றோர் எடுக்கும் அன்றாட முடிவுகளை இவர்களும் எடுக்கலாம் என்று 2014-இல் வந்த மத்திய சட்டம்தான் அதைத் தளர்த்தியது.

எப்படி எண்ணுகிறார்கள்

இருப்பு நிலைத்தல் என்பதை அரசு எண்ணிக்கையாகப் பார்க்கிறது. மாநிலங்கள் ஒழுங்காக நடத்துகின்றனவா என்று மத்திய அரசின் சில்ட்ரன்ஸ் பீரோ முறைவைத்து ஆய்வு செய்யும். 1912-இல் தொடங்கிய பழைய அலுவலகம் அது. இந்த ஆய்வின் முதல் சுற்று 2000-களின் தொடக்கத்தில் நடந்தபோது அளவுகோல் எளிமையானது. ஓராண்டுக்குக் குறைவாகப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளில் இரண்டு இடங்களுக்கு மேல் பார்க்காதவர்கள் எத்தனை சதவீதம்? 86.7 சதவீதம் இருந்தால் பாஸ்.

பார்க்க நன்றாக இருந்தாலும் இதில் ஓர் ஓட்டை இருந்தது. மூன்று வீடு பார்த்த பிள்ளையும் பதின்மூன்று வீடு பார்த்த பிள்ளையும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். மூன்றாவது வீட்டுக்குப் போன நிமிடமே அந்தப் பிள்ளை ‘தோல்வி’ப் பக்கத்தில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு இன்னும் பத்து முறை மாற்றினாலும் மாநிலத்தின் மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூடக் குறையாது. அதிகம் அலைக்கழிக்கப்படும் பிள்ளைதான் கணக்கில் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

2015-இல் தொடங்கிய மூன்றாம் சுற்றில் இதை மாற்றினார்கள். இப்போதைய முறை இது: ஓராண்டுக் காலத்தில் புதிதாக உள்ளே வந்த எல்லாப் பிள்ளைகளும் பராமரிப்பில் கழித்த நாட்களை மொத்தமாகக் கூட்டு. அந்த நாட்களில் நடந்த இடமாற்றங்களையும் கூட்டு. ஆயிரம் நாளுக்கு எத்தனை மாற்றம் என்று பார். வீட்டிலிருந்து பிரித்து முதல் இடத்தில் சேர்ப்பது மாற்றமாக எண்ணப்படாது.

ஓர் எளிய கணக்கு. ஒரு பிள்ளை 200 நாள் இருந்தது, ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு பிள்ளை 100 நாள் இருந்தது, மூன்று மாற்றம். கூட்டினால் 300 நாளில் மூன்று. ஆயிரம் நாளுக்குப் பத்து. நான்காம் சுற்றுக்கு வைத்திருக்கும் தேசிய அளவு 4.48. இதைவிடக் குறைந்தால் நல்லது. திருப்பிப் போட்டுச் சொன்னால், ஏறத்தாழ 223 நாளுக்கு ஒருமுறை ஒரு பிள்ளை மூட்டை கட்டுவது நாட்டின் சராசரி. ஏழரை மாதம்கூட முழுதாக இல்லை.

எவையெல்லாம் மாற்றமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். மருத்துவமனையில் சேர்த்தால் கணக்கில் வராது. கோடைக்கால முகாம் வராது. பிள்ளை வீட்டைவிட்டு ஓடிப்போனால் அதுவும் வராது. பெற்றோரிடம் சோதனையாக அனுப்பிவைப்பதும் வராது. ஆவணத்துக்கு இது சரி. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் பழைய கட்டில் இருக்கிறதா, அதில் வேறொருவன் படுத்திருக்கிறானா என்பதுதான் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு.

எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே பிள்ளை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பாசமில்லாத, ஏன் ஆபத்தான ஒரு வீட்டில் இரண்டு வருஷம் அசையாமல் கிடந்தால் எண் அழகாகத்தான் இருக்கும். ஒரு மாற்றம் நல்லதாகவும் இருக்கலாம். தனியாக இருந்த அண்ணனைத் தங்கை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனால் அதுவும் ஒரு மாற்றம்தான். அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றே.

‘பையன் சரியில்லை’ என்ற விளக்கம்

பிள்ளையை ஏன் மாற்றுகிறார்கள் என்று கேட்டால் உடனே வரும் பதில், அவன் அடங்கமாட்டான், பொருளை உடைக்கிறான், பொய் சொல்கிறான், வளர்ப்பவர்களால் சமாளிக்க முடியவில்லை. நாமும் தலையாட்டிவிடுவோம். முரட்டுப் பிள்ளையை யார்தான் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்?

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் சிக்ரிட் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் 580 பிள்ளைகளின் கோப்புகளைப் புரட்டி, ஒவ்வொரு மாற்றமும் எதற்காக நடந்தது என்று பிரித்துப் பார்த்தார். 2004-இல் வந்த முடிவு: பிள்ளையின் நடத்தையால் நடந்த மாற்றம் ஐந்தில் ஒன்று. அமைப்பின் விதிகளும் நடைமுறைகளும் நடத்தியவை ஏறத்தாழ 70 சதவீதம்.

அதாவது, அவசரக் காப்பகத்தில் இத்தனை நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, எனவே மாற்று. இந்த வீடு குறுகிய கால லைசென்ஸ் மட்டும் உள்ளது, மாற்று. இப்போதுதான் ஒரு பெரியம்மா இருப்பது தெரிந்தது, அங்கே மாற்று. தம்பியோடு சேர்க்க இடம் கிடைத்தது, மாற்று. இவற்றில் பல நல்ல நோக்கத்தில் நடப்பவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மா நேற்றுப் பிறக்கவில்லையே. முதல் நாளே அவரைத் தேடியிருந்தால் நடுவில் இருந்த இரண்டு வீடுகளும் தேவைப்பட்டிருக்காது. ‘திட்டமிட்ட மாற்றம்’ என்று கோப்பில் எழுதப்படுவதில் பாதி, முதல் நாள் திட்டமில்லாமல் போனதன் விலை என்பது என் எண்ணம்.

அந்த முதல் நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரவு பதினொரு மணி. போலீஸ் அழைத்துக்கொண்டு வந்த நான்கு வயதுக் குழந்தை அலுவலக நாற்காலியில் தூங்கி வழிகிறது. கேஸ் ஒர்க்கர், அதாவது பிள்ளையின் கோப்பைக் கவனிக்கும் ஊழியர், பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபாஸ்டர் வீடாக போன் போடுகிறார். இந்தக் குழந்தைக்கு எந்த வீடு பொருந்தும் என்று அந்நேரத்தில் யாரும் கேட்பதில்லை. எந்த வீட்டில் கட்டில் காலி என்பதுதான் கேள்வி. கிடைக்கும் வீடு நாற்பது மைல் தள்ளி, வேறு பள்ளி வட்டாரத்தில், வேறு மொழி பேசும் குடும்பமாக இருக்கலாம். ‘இப்போதைக்கு’ என்று சொல்லித்தான் விடுவார்கள். மாற்றங்களில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் நடப்பது ஏன் என்பதற்கு இந்த ‘இப்போதைக்கு’ ஒரு பெரிய காரணம்.

கட்டில் ஒன்றுமே காலி இல்லையென்றால்? டெக்சஸில் பிள்ளைகள் அலுவலகக் கட்டடத்திலும் வாடகை விடுதியிலும் ஊழியர் காவலில் படுத்த இரவுகள் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ஹோட்டல் அறைகள் பயன்பட்டன. குரூப் ஹோம்கள் மோசம் என்று தெரிந்து அவற்றைக் குறைக்க நினைத்தது சரியான முடிவுதான். 2018-இல் வந்த ஃபேமிலி ஃபர்ஸ்ட் சட்டம், சில வகை நிறுவனங்கள் நீங்கலாக, இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளையை அங்கே வைத்தால் மத்தியப் பணம் தருவதில்லை என்றது. ஆனால் மூடிய கட்டிலுக்கு ஈடாகக் குடும்ப வீடுகள் அதே வேகத்தில் கிடைத்துவிடவில்லை. பதின்வயதுப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். கைக்குழந்தைக்கு வீடு கிடைக்கும். பதினைந்து வயதுப் பையனுக்குக் கதவு திறப்பவர் குறைவு.

இன்னொரு காரணம் கண்ணில் படாதது: கேஸ் ஒர்க்கர் மாறுவது. சம்பளம் குறைவு, கோப்புகள் அதிகம், மன அழுத்தம் அதைவிட அதிகம். ஆட்கள் வேலையை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மில்வாக்கி நகரில் 2005-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரே ஊழியரின் கையில் இருந்த பிள்ளைகளில் 74.5 சதவீதத்தினருக்கு நிலையான குடும்பம் அமைந்தது என்றது. ஊழியர் ஒருமுறை மாறி இரண்டு பேரானதும் அது 17.5 சதவீதமாக விழுந்தது. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சிக்கலான வழக்குகள் நீளும், நீண்டால் ஊழியர் மாறுவதும் இயல்புதான். எல்லாப் பழியையும் ஊழியர் மாற்றத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு அந்தப் பெரியம்மாவின் போன் நம்பர் எங்கே எழுதியிருக்கிறது என்று தெரிய ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தில்தான் ஒரு வீடு கைவிட்டுப் போகிறது.

கோழியா முட்டையா

சரி, நடத்தையால் நடக்கும் அந்த ஐந்தில் ஒன்று? அங்கும் யார் முதல் என்பது சிக்கல். அதே சான் டியேகோவில் 415 பிள்ளைகளை வைத்துச் செய்து 2000-இல் வந்த ஆய்வு, நடத்தைச் சிக்கல் மாற்றத்துக்குக் காரணமாகவும் இருக்கிறது, மாற்றத்தின் விளைவாகவும் இருக்கிறது என்றது. உள்ளே வரும்போது ஒரு சிக்கலும் இல்லாதிருந்த பிள்ளைகளும் பல வீடு மாறிய பிறகு சிக்கலோடு நின்றார்கள்.

பிலடெல்பியாவின் குழந்தைகள்நல மருத்துவர் டேவிட் ரூபினும் குழுவும் 2007-இல் இதை இன்னும் கூர்மையாகப் பார்த்தார்கள். நாடு தழுவிய தரவிலிருந்து, நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு குறைவு என்று தொடக்கத்திலேயே கணிக்கப்பட்ட பிள்ளைகளைத் தனியே எடுத்தார்கள். அதாவது, சாதுவான பிள்ளைகள். அவர்களில் முதல் 45 நாளுக்குள் ஒரு வீட்டில் நிலைத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு ஒன்றரை ஆண்டு கழித்து நடத்தைச் சிக்கல் இருந்தது. கடைசிவரை எங்கும் நிலைக்காதவர்களில் அது 36 சதவீதம். பிள்ளை ஒரே மாதிரி. மாறியது வீடு மட்டும்.

வயல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கி நடலாம்; அதற்கென்றே வளர்த்தது அது. நட்டு வேர் பிடிக்கிற நேரத்தில் மறுபடி பிடுங்கி வேறு வயலில் நட்டால்? ஒருமுறை பிழைக்கலாம். மூன்றாம் முறை பயிர் மஞ்சள் தட்டி நிற்கும். அப்போது வந்து பார்ப்பவர் ‘விதை சரியில்லை’ என்பார்.

பிள்ளையின் பக்கம் நின்றும் பார்க்கலாம். வேறு வீடு என்றால் வேறு மணியில் சாப்பாடு, வேறு சோப்பு வாசனை, நாயைத் தொடலாமா கூடாதா, ஃபிரிட்ஜைத் திறக்கக் கேட்கவேண்டுமா என்று எல்லாமே புதிய சட்டம். இரண்டாவது வீட்டில் பிள்ளை இதையெல்லாம் கற்றுக்கொள்ளும். ஐந்தாவது வீட்டில் ஏன் கற்றுக்கொள்ளவேண்டும்? பாசம் வைத்தால் பிரியும்போது வலிக்கும் என்று தெரிந்த பிள்ளை பாசத்தைத் தள்ளியே வைக்கும். சில பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். எப்படியும் அனுப்பத்தானே போகிறார்கள், அதை நானே இன்றைக்கே நடத்திவிடுகிறேன் என்று வேண்டுமென்றே எல்லை மீறுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முரட்டுத்தனம். உள்ளே அது தான் எப்போது போவது என்பதையாவது தன் கையில் வைத்துக்கொள்ளும் முயற்சி.

வளர்ப்பவர் எவ்வளவு தாங்குவார்? ஆரிகனைச் சேர்ந்த பாட்ரிசியா சேம்பர்லின் இதையும் எண்ணிப் பார்த்தார். ஃபாஸ்டர் பெற்றோருக்குப் போன் செய்து, கடந்த 24 மணி நேரத்தில் பிள்ளை அழுததா, வாதாடியதா, பொய் சொன்னதா, படுக்கையை நனைத்ததா என்று ஒரு பட்டியலைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நாளொன்றுக்கு ஆறு சிக்கல்வரை பெற்றோர் தாங்குகிறார்கள். ஆறைத் தாண்டினால், கூடும் ஒவ்வொன்றுக்கும் அந்த இருப்பு முறியும் அபாயம் 17 சதவீதம் கூடுகிறது. இரண்டு பிள்ளை பெற்றவர்கள் ‘ஆறுதானா?’ என்று சிரிக்கலாம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இந்த எண்ணின் பயன் பெரிது. ஆறுக்கு மேல் போகும் வீடு எது என்று தெரிந்தால், அவர்கள் ‘இனி முடியாது, அழைத்துப் போங்கள்’ என்று நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே உதவிக்கு ஆள் அனுப்பலாம். அதே குழு வடிவமைத்த கீப் என்ற பயிற்சியில் ஃபாஸ்டர் பெற்றோரும் உறவினரும் வாரம் ஒருமுறையாக 16 வாரம் கூடிப் பேசுவார்கள். பெரிய மருந்து மாத்திரை ஒன்றும் இல்லை. நல்லதைச் செய்யும்போது பாராட்டு, சண்டையை நீட்டாதே, இந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது சொல். முன்பே பல வீடு மாறிய பிள்ளைகளுக்கு இருக்கும் கூடுதல் அபாயம் இதனால் தணிந்தது.

உறவு வீடு

நம் ஊரில் ‘நான் அத்தை வீட்டில் வளர்ந்தவன்’ என்று யாராவது சொன்னால் யாரும் அதற்கு ஒரு திட்டப்பெயர் தேடுவதில்லை. அமெரிக்காவில் இதற்குக் கின்ஷிப் கேர் என்று பெயர். உறவினர் வீட்டில் பிள்ளை நிலைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டி நோட்டீஸ் கொடுப்பது அரிது. திட்டுவார், அனுப்பிவைக்கமாட்டார்.

இதில் பல ஆண்டுகளாக ஒரு முரண் இருந்தது. முன்பின் தெரியாத ஃபாஸ்டர் பெற்றோருக்கு என்று எழுதிய லைசென்ஸ் விதிகளைப் பாட்டிக்கும் வைத்தார்கள். தனிப் படுக்கையறை இருக்கிறதா, அறையின் சதுரடி என்ன, வாரக்கணக்கில் வகுப்பு. லைசென்ஸ் இல்லையென்றால் பல இடங்களில் மாதத் தொகை குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. ஏழைப் பாட்டி பேரப்பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாமல் போனதற்குப் பாசக்குறைவு காரணமாக இருந்ததில்லை. 2008-இல் வந்த சட்டம், பிள்ளையைப் பிரித்த 30 நாளுக்குள் உறவினர்களைத் தேடித் தகவல் சொல்லவேண்டும் என்றது. அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைச் சேர்த்து வைக்க முயலவேண்டும் என்றதும் அதே சட்டம்தான். 2023 செப்டம்பரில் வந்த மத்திய விதி, உறவினருக்கென்று தனியான, எளிய லைசென்ஸ் முறையை மாநிலங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. பதினைந்து வருஷம்!

எல்லா உறவு வீடும் சரியானது என்று சொல்லவரவில்லை. அம்மாவின் போதைக்கு வேர் அதே பாட்டி வீட்டிலேயே இருக்கலாம். அதைப் பார்த்து முடிவெடுக்கத்தான் கேஸ் ஒர்க்கரும் நீதிபதியும் இருக்கிறார்கள்.

நீதிமன்றம் ஏறிய கதை

பிள்ளையைத் திரும்பத் திரும்ப இடம் மாற்றுவது அரசியல் சட்டத்தையே மீறுவதாகாதா? இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட வழக்கு வாஷிங்டன் மாநிலத்தின் பிராம் வழக்கு. 1998-இல் தொடங்கியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளில் வைக்கப்பட்ட பிள்ளைகள் எல்லாருக்குமாகச் சேர்த்து நடந்தது. அரசின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தேவையற்ற ஆபத்திலிருந்து காக்கப்படும் உரிமை உண்டு என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2003-இல் சொன்னது. அடுத்த ஆண்டு சமரச ஒப்பந்தம் ஆயிற்று. ஆறு தலைப்புகளில் மாநிலம் தன்னைச் சீர்செய்ய ஒப்புக்கொண்டது. அவற்றில் ஒன்று இருப்பு நிலைத்தல்.

டெக்சஸில் 2011-இல் தொடுத்த வழக்கு இன்னும் கடுமையானது. 2015 டிசம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஜேனிஸ் கிரஹாம் ஜாக், பிள்ளைகள் உள்ளே வரும்போது இருந்ததைவிட அதிகம் சிதைந்தவர்களாய் வெளியே போகிறார்கள் என்று தீர்ப்பில் எழுதினார். நிலைக்காத இருப்பு அந்தச் சிதைவின் ஒரு பகுதியாகவே அதில் இடம்பெற்றது. மேல்முறையீட்டில் அவர் உத்தரவுகள் பலவும் சுருக்கப்பட்டன, மாநிலமும் அவரும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். வழக்குகள் விளக்கைப் போட்டுக் காட்டும். கட்டில் போட்டுத் தருமா என்றால், மெதுவாகத்தான்.

பழைய வழக்கு ஒன்றும் உண்டு. தங்களிடம் வளர்ந்த பிள்ளையைத் திடீரென்று எடுத்துக்கொண்டு போகக்கூடாது, முன்கூட்டியே முறையான விசாரணை வேண்டும் என்று நியூயார்க் ஃபாஸ்டர் பெற்றோர் கேட்டது 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. இருக்கிற நடைமுறையே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஃபாஸ்டர் பெற்றோரின் உரிமையைப் பலமாக்கினால், பிள்ளையைத் திரும்பப் பெறப் போராடும் பெற்ற தாயின் உரிமை பலவீனப்படும். இரண்டு பாசங்களுக்கு நடுவே ஒரு பிள்ளை. இதற்குச் சுலபமான விடை கிடையாது.

சின்னச் சின்னதாக மாறியவை

வீடு மாறினாலும் பள்ளி மாறவேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்த விதி. 2008-இல் தொடங்கி 2015-இல் வந்த கல்விச் சட்டத்தில் உறுதியானது. பிள்ளையின் நலனுக்குப் பொருந்தினால் பழைய பள்ளியிலேயே தொடரவேண்டும். போய்வர வண்டிக்கு பள்ளி நிர்வாகமும் குழந்தைநல அலுவலகமும் சேர்ந்து ஏற்பாடு செய்யவேண்டும். யார் பணம் கொடுப்பது என்ற இழுபறி இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. ஆனாலும் புது வீட்டில் எல்லா முகமும் அந்நியமாக இருக்கும் வாரத்தில், அதே கணக்கு டீச்சரும் அதே மதிய மேசை நண்பனும் இருப்பது பெரிய விஷயம்.

கலிஃபோர்னியாவில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பிள்ளையை மாற்றுவதற்கு முன் அந்த இருப்பைக் காப்பாற்ற என்ன முயன்றோம் என்று ஊழியர் முதலில் திட்டம் வகுத்துச் செய்து பார்க்கவேண்டும். முடியவில்லையென்றால் 14 நாள் எழுத்து முன்னறிவிப்பு. இரவு 9 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையே, அவசரமோ எல்லாருடைய சம்மதமோ இல்லாமல், பிள்ளையை இடம் மாற்றக்கூடாது. தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் காரில் ஏற்றாதே என்பதைக்கூட எழுதிவைக்கவேண்டியிருந்திருக்கிறது.

ஃப்ளோரிடாவில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவிய ஒரு பழக்கத்துக்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு போன் போதும். கம்ஃபர்ட் கால் என்பார்கள். பிள்ளை புது வீட்டுக்கு வந்த முதல் நாளே, ஃபாஸ்டர் அம்மா பெற்ற அம்மாவுக்கு போன் செய்வார். வழக்கைப் பற்றியோ யார்மேல் தப்பு என்பதைப் பற்றியோ பேச்சே வராது. உங்கள் பிள்ளை இங்கே பத்திரமாக இருக்கிறது, சில விஷயம் கேட்கவேண்டும் என்று தொடங்கும். எதிர்முனையில் அழுகையோ கோபமோ இருக்கும். கொஞ்ச நேரத்தில் பதில் வர ஆரம்பிக்கும். பால் சூடாகக் குடிப்பானா, ஆறினதா? வேர்க்கடலை ஒத்துக்குமா? எதைக் கட்டிக்கொண்டு தூங்குவான்? ராத்திரி விளக்கை அணைத்தால் பயப்படுவானா?

அணைக்காதீங்க, பாத்ரூம் விளக்கை மட்டும் போட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க என்று அந்தத் தாய் சொல்வாள்.